அடிக்குறிப்பைத் திறந்து பாருங்கள்: சட்டம் கற்பிக்கும் நம் விரிவுரையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரிலும் அதைச் சுற்றியும் உள்ள பல்கலைக்கழகங்களிலும் தனியார் கல்லூரிகளிலும் சட்டம் கற்பிக்கும் தமிழ் விரிவுரையாளர்களுக்கு,

வணக்கம். நான் பிரிக்பீல்ட்ஸில் தொழில் செய்யும் வழக்கறிஞர். சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமை மாலைகளில் தங்கள் கட்டுரைகளோடு என் அலுவலகத்துக்கு வருவார்கள். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம். படிப்பு முடிந்து சேம்பரிங், அதாவது மூத்த வழக்கறிஞரிடம் தொழிற்பயிற்சி, செய்ய வரும் இளையவர்களின் எழுத்தும் என் மேசைக்கு வருகிறது. இரண்டு கட்டத்தையும் பக்கத்திலிருந்து பார்ப்பதால் உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மாணவர் கட்டுரைகளில் உள்ள அடிக்குறிப்புகளைத் தயவுசெய்து திறந்து பாருங்கள். எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லவில்லை, ஒரு கட்டுரைக்கு மூன்று போதும். அந்த வழக்கு உண்மையிலேயே இருக்கிறதா, மாணவர் சொல்லும் கருத்து அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ரெஃபரன்ஸுக்கு என்று ஒதுக்கும் மதிப்பெண்ணை அதற்குக் கொடுங்கள்.

மாணவர்கள் திருத்தி வாங்கிய தாள்களை என்னிடம் காட்டுவார்கள். சிவப்பு மையில் இருப்பவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: வழக்கின் பெயர் சாய்வெழுத்தில் இல்லை, அடிக்குறிப்பின் முடிவில் புள்ளி விட்டுப்போயிற்று, துணைநூற்பட்டியலில் அதே புள்ளி கூடாது, ஆசிரியர் பெயர் திருப்பிப் போடப்படவில்லை. இவை சரியான திருத்தங்கள்தான். ஆனால் அதே தாளில் ஒரு தீர்ப்பு, அது சொல்லாத ஒன்றைச் சொன்னதாகக் காட்டப்பட்டிருக்கும். அதன் பக்கத்தில் ஒரு கோடுகூட இருக்காது. அந்த மாணவர் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வார்? ரெஃபரன்ஸ் என்பது கட்டுரையை முடித்த பிறகு விடிய விடிய உட்கார்ந்து ஒட்ட வேண்டிய அலங்காரம் என்றுதான்.

சட்ட மேற்கோள்களை எழுத இங்கே பலர் பின்பற்றும் ஆஸ்கோலா முறை 2000ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் பீட்டர் பர்க்ஸ் முன்னின்று உருவாக்கியது. 2012இல் வந்த நான்காம் பதிப்பு நம் பிள்ளைகள் பலரின் கைப்பேசியில் இருக்கிறது. அதன் தொடக்கத்திலேயே இரண்டு பொன்விதிகள் உண்டு. ஒன்று, கடைசிவரை ஒரே சீராக இரு. மற்றொன்று, படிப்பவரை மனத்தில் வை. நாம் முதல் விதியை மட்டும் பிடித்துக்கொண்டோம். இரண்டாவதைச் சொல்லிக் கொடுத்தால் முதலாவது தானாகவே வந்துவிடும் என்பது என் அனுபவம்.

சதுர அடைப்பையும் வட்ட அடைப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஆண்டு தெரியாமல் தொகுதியைக் கண்டுபிடிக்க முடியாது என்றால் சதுர அடைப்பு. தொகுதிகளுக்குத் தொடர் எண் இருந்து, ஆண்டு வெறும் தகவலாக நின்றால் வட்ட அடைப்பு. 1932இல் தொடங்கிய மலாயன் லா ஜர்னல் (எம்.எல்.ஜே.) என்ற தீர்ப்புத் தொகுப்பில் [1971] 1 எம்.எல்.ஜே. 211 என்றால் 1971ஆம் ஆண்டின் முதல் தொகுதி, 211ஆம் பக்கம். 1971ஐ எடுத்துவிட்டால் அலமாரி முழுக்க முதல் தொகுதிகள்தான், எதை உருவுவது? பினாங்கில் தொடங்கி, அன்று மேல்முறையீட்டின் கடைசி நிலையாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில்வரை போன இயாப் சியா நியோ வழக்கைப் பாருங்கள். அது (1875) எல்.ஆர். 6 பி.சி. 381. அந்த வரிசையில் ஆறாம் தொகுதி ஒன்றே ஒன்றுதான், ஆண்டை மறந்தாலும் போய்ச் சேரலாம். இவ்வளவுதான் விஷயம். காரணத்தோடு ஒருமுறை சொன்னால் பிள்ளைகள் அப்புறம் மறப்பதே இல்லை. காரணம் சொல்லாமல் ‘இங்கே சதுரம் போடு’ என்றால் அடுத்த கட்டுரையில் மறுபடியும் தப்பாக வரும்.

பக்க எண்ணிலும் இதே கதை. முதலாண்டில் எல்லாரும் எழுதும் டோனஹூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கு [1932] ஏ.சி. 562. நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் கவனமாக நடக்க வேண்டும் என்ற அயலார் கோட்பாட்டை எழுதிவிட்டு 562 என்று மட்டும் போட்டு நிறுத்துகிறார்கள். 562 வழக்கு தொடங்கும் பக்கம். யார் என் அயலார் என்று நீதிபதி அட்கின் பிரபு கேட்கும் இடம் 580. நடுவில் பக்மாஸ்டர் பிரபுவின் தீர்ப்பு வருகிறது, அது மாறுபட்ட தீர்ப்பு. ஐவரில் அவரும் டாம்லின் பிரபுவும் எதிர்ப்பக்கம் நின்றவர்கள். 580 என்று குறிக்காதபோது, மேற்கோள் காட்டப்பட்ட கருத்து பெரும்பான்மையினருடையதா மறுத்தவர்களுடையதா என்பது படிப்பவருக்குத் தெரியாது. மாணவருக்கே தெரியாமலும் இருக்கலாம். இந்த வழக்கில் அது பெரிய நட்டமில்லை, எல்லாருக்கும் அட்கினைத் தெரியும். அதே பழக்கத்தோடு அதிகம் பேசப்படாத ஒரு வழக்கை எடுக்கும்போது, மறுத்த நீதிபதியின் வாசகத்தைச் சட்டம் என்று எழுதிவிடுகிறார்கள். சேம்பரிங் பிள்ளைகளின் முதல் வரைவுகளில் இதைப் பார்க்கிறேன். எம்.எல்.ஜே. பக்கங்களின் ஓரத்தில் ஏ, பி, சி என்று அச்சடிக்கப்பட்டிருக்கும் எழுத்துகள் பக்கத்தில் எந்த இடம் என்று குறிக்கத்தான் என்பதே சிலருக்கு அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

இதை இப்போது சொல்ல ஓர் அவசரமான காரணம் உண்டு. 2023இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் அவியாங்கா என்ற வழக்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2025 ஜூன் மாதம் லண்டன் உயர் நீதிமன்றம் அயின்டே வழக்கிலும் அதோடு சேர்த்து இன்னொரு வழக்கிலும் தீர்ப்பளித்தது. அந்த இன்னொரு வழக்கில் காட்டப்பட்ட 45 சான்றுகளில் 18 எங்குமே இல்லாதவை. இந்தப் பொய்ச் சான்றுகள் எல்லாம் பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் என்று உடையணிந்து வந்தவை. நாம் கற்பிக்கும் நிறுத்தற்குறி விதிகளை ஓர் இயந்திரம் நொடியில் பின்பற்றிவிடும். வழக்கு இருக்கிறதா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. புள்ளியும் அடைப்பும் சரியாக இருந்தால் மாணவர் உழைத்திருப்பார் என்று முன்பு ஓரளவு நம்ப முடிந்தது. அந்த நம்பிக்கைக்கு இனி இடமில்லை. வடிவத்துக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருந்தால், படிக்காமல் எழுதுபவரே படித்து எழுதுபவரைவிட அதிகம் வாங்குவார். நள்ளிரவுவரை தீர்ப்பைப் படித்த பிள்ளை ஒரு சாய்வெழுத்தை விட்டிருப்பாள். இயந்திரம் விடாது.

படிப்பதற்கும் படித்ததாகக் காட்டுவதற்கும் உள்ள தூரத்தை ஒரே ஓர் அடிக்குறிப்பில் காட்டுகிறேன்.

உபகாரச் சம்பளத்தில் படிக்கும் மாணவி ஒருவர் சிறார் ஒப்பந்தம் பற்றிய கட்டுரையோடு வந்திருந்தார். ‘சட்டப்படி வயது வராதவர் செய்யும் ஒப்பந்தம் அடியோடு செல்லாது’ என்று ஒரு வரி. கீழே அடிக்குறிப்பில் மோஹரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ். முடிந்தது.

“இது எந்த நாட்டு வழக்கும்மா?” என்று கேட்டேன்.

“இந்தியான்னு நினைக்கிறேன் மேடம். டெக்ஸ்ட்புக்ல இருந்துச்சு.”

“இந்திய வழக்கு இங்கே எப்படிச் செல்லுபடியாகுது?”

பதில் இல்லை. சரி, தேடுவோம் என்று இருவருமாகத் தேடினோம். மோஹரி பீபி 1903இல் பிரிவி கவுன்சில் முடிவு செய்த வழக்கு. கல்கத்தாவிலிருந்து போனது. அந்தத் தீர்ப்பு அலசுவது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவை. நம்முடைய 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், அதாவது சட்டம் 136, அந்த இந்தியச் சட்டத்தின் வழியில் வந்தது. 11ஆம் பிரிவு இங்கேயும் 11ஆம் பிரிவுதான். 1934இலேயே டான் ஹீ ஜுவான் எதிர் தே பூன் கியாட், [1934] எம்.எல்.ஜே. 96 என்ற வழக்கில், மோஹரி பீபியைப் பின்பற்றி, சிறுவர் ஒருவர் செய்துகொடுத்த நில மாற்றம் செல்லாது என்று இங்கே தீர்ப்பாகியிருக்கிறது. அப்படியானால் அந்த வரிக்குக் கீழே முதலில் நிற்க வேண்டியது சட்டம் 136இன் 11ஆம் பிரிவு. அடுத்து 1934 வழக்கு. அதற்கப்புறம்தான் 1903. எத்தனை வயதில் வயது வந்தவர் ஆகிறோம் என்பதற்கு 1971ஆம் ஆண்டின் வயது வந்தோர் சட்டம் தனியாக வேண்டும், அதுதான் 18 என்று சொல்கிறது.

அதோடும் முடியவில்லை. [1971] 1 எம்.எல்.ஜே. 211, மலேசிய அரசாங்கம் எதிர் குருசரண் சிங். அரசாங்கச் செலவில் படித்த ஒருவர்மீது தொடுத்த வழக்கு. கையெழுத்திட்டபோது அவர் வயது வராதவர், ஆகவே ஒப்பந்தம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அவருக்குக் கொடுத்த கல்வி அத்தியாவசியத் தேவைக்குள் அடங்கும் என்றும், அதற்கான நியாயமான தொகையை அரசாங்கம் திரும்பப் பெறலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அடுத்து 1976இல் நாடாளுமன்றம் ஒப்பந்தச் சட்டத்தைத் திருத்தியது. உபகாரச் சம்பள ஒப்பந்தத்தை, கையெழுத்திட்டவர் வயது வராதவர் என்ற காரணத்துக்காக மட்டும் இனிச் செல்லாததாக்க முடியாது. அந்த மாணவி ‘அடியோடு செல்லாது’ என்று எழுதிய நேரத்தில், அவருடைய சொந்த உபகாரச் சம்பள ஒப்பந்தம் எந்தச் சட்டத்தால் நிற்கிறதோ அந்தச் சட்டத்தையே அவர் வரி மறுத்துக்கொண்டிருந்தது. பாடநூலின் அடுத்த பக்கத்தில் இது நிச்சயம் இருந்திருக்கும். அவர் தேடியது ஒரு வழக்கின் பெயரை மட்டும். கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ‘ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வழக்காவது இருக்க வேண்டும்’ என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் வழக்கைப் பொறுக்கத்தான் செய்வார்கள். அந்தக் கட்டுரையில் மோஹரி பீபி அடிக்குறிப்பை நீங்கள் திறந்து, ‘இது 1903, இதற்குப் பிறகு நம் நாட்டில் என்ன நடந்தது?’ என்று ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தால், நான் மேலே சொன்ன பயணம் முழுவதையும் அவரே போயிருப்பார். சட்டம் எப்படி ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வந்தது, நீதிமன்றம் அதை எப்படி ஏற்றது, நாடாளுமன்றம் எங்கே குறுக்கிட்டது என்பது அந்த அடிக்குறிப்புகளின் வரிசையிலேயே இருக்கிறது. வரிசையைச் சரியாகப் போட்டவர் சட்டத்தைப் புரிந்துகொண்டவர். ரெஃபரன்ஸையும் சட்ட வாதத்தையும் இரண்டு பாடமாகப் பிரித்து வைத்திருப்பதுதான் நம் சிக்கல்.

இன்னொன்றும் அன்று பேச்சில் வந்தது. “தீர்ப்பைப் படிக்கல, இந்த புக்ல படிச்சேன்னு எழுதினா மார்க் குறைப்பாங்களே மேடம்” என்றார். குறைக்கிறார்கள் என்று மற்ற மாணவர்களும் சொல்கிறார்கள். தயவுசெய்து இதை மாற்றுங்கள். ஒரு வழக்கை நூலின் வழியாகத் தெரிந்துகொண்டால், ‘இன்ன நூலில் இன்ன பக்கத்தில் எடுத்தாளப்பட்டது’ என்று எழுதுவது நேர்மையான செயல். மூலத்தையே படித்தவருக்கு அதிக மதிப்பெண் கொடுங்கள், அது நியாயம். ஆனால் நூல் வழியாகப் படித்ததை ஒப்புக்கொண்டவருக்கு, படிக்காததைப் படித்ததாகக் காட்டியவரைவிடக் குறைவாகக் கொடுக்கவே கூடாது. இப்போது நடப்பது அதுதான். பொய் சொல்வது லாபம் என்று பத்தொன்பது வயதில் ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு அதே பிள்ளையிடம் நீதிமன்றத்தில் உண்மை பேசு என்று கேட்கிறோம்.

பிறர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளான டர்னிட்டின் காட்டும் விழுக்காடு இன்னொரு தொல்லை. இத்தனை விழுக்காட்டுக்கு மேல் ஒப்புமை இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்திருப்பதால், மாணவர்கள் சட்டப் பிரிவுகளையே சொந்த நடையில் மாற்றி எழுதுகிறார்கள். சட்டப் பிரிவில் ஒரு சொல் மாறினால் சட்டமே மாறிவிடும். ‘வேண்டும்’ என்பது ‘லாம்’ ஆகிவிட்டால் கடமை விருப்பமாகிவிடுகிறது. மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கு அந்த மென்பொருளிலேயே வழி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, பிரிவை எழுத்துக்கு எழுத்து எடுத்துக் காட்டும்படி மாணவர்களிடம் சொல்லுங்கள்.

துணைநூற்பட்டியலைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஆஸ்கோலாவில் வழக்குகள் தனி, சட்டங்கள் தனி, நூல்களும் கட்டுரைகளும் தனி. கட்டுரையில் எடுத்தாண்டவைதான் அதில் வர வேண்டும். ‘குறைந்தது இருபது’ என்று எண்ணிக்கை கேட்காதீர்கள். கேட்டால் இருபது வரும், அவற்றில் பதினைந்தின் அட்டையைக்கூட அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெயர்களுக்கு வருகிறேன். உங்களைத் தேடித் தமிழில் எழுத இதுவும் ஒரு காரணம்.

ஆஸ்கோலா முறையில் அடிக்குறிப்பில் ஆசிரியர் பெயர் இருக்கிறபடியே வரும். பட்டியலில் குடும்பப் பெயர் முன்னால் வந்து, சொந்தப் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கும். இங்கிலாந்துப் பெயர்களுக்கு அது பொருந்தும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. பிறப்புப் பத்திரத்தில் நம் பெயருக்குப் பின்னால் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), அதற்குப் பின்னால் அப்பா பெயர். எடுத்துக்காட்டுக்கு, மாலதி ஏ/பி சுப்பையா என்ற ஒருவர் சட்டக் கட்டுரை எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். விதியை அப்படியே பின்பற்றினால் அவர் பட்டியலில் ‘சுப்பையா எம்’ ஆகிவிடுகிறார். எழுதியது மகள், நிற்பது அப்பா. அவருடைய தம்பி மோகனும் ஒரு கட்டுரை எழுதினால் அவரும் ‘சுப்பையா எம்’தான், அக்காவுக்கும் தம்பிக்கும் வேறுபாடே போய்விடும். நம் மாணவர்கள் மதிப்பெண் போய்விடுமோ என்ற பயத்தில் தங்கள் இனத்து ஆசிரியர்களின் பெயர்களை இப்படி வெட்டிக் கவிழ்த்து எழுதுகிறார்கள். பார்க்க வருத்தமாக இருக்கிறது.

நீதிபதிகளின் பெயரிலும் இதே குழப்பம். இங்கிலாந்து வழக்கப்படி நீதிபதியைக் குடும்பப் பெயரால் குறிக்கிறோம், அட்கின் பிரபு என்பதைப் போல. 1974 முதல் 1982 வரை நம் நாட்டின் தலைமை நீதிபதியாக, அன்றைய பதவிப் பெயரில் லார்டு பிரெசிடென்டாக, இருந்த துன் முகமது சுஃபியானை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.எல்.ஜே. அவரைச் சுஃபியான் எல்.பி. என்றே அச்சிட்டது. கடைசிப் பெயரைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அவருடைய தந்தை ஹாஷிம் தீர்ப்பு எழுதியதாகிவிடும். நம் சட்ட ஏடுகள் ரொம்ப நாளைக்கு முன்பே இதைச் சரியாகச் செய்துவிட்டன. மாணவர் கையேடுகள்தான் இன்னும் பின்தங்கியிருக்கின்றன. வழக்குப் பெயர்களிலும் அப்படியே: 2018இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்த இந்திரா காந்தி வழக்கை, [2018] 1 எம்.எல்.ஜே. 545, எல்லாரும் இந்திரா காந்தி என்றுதான் சுருக்குகிறோம். முத்தோ என்று யாரும் அவரை அப்பா பெயரால் சுருக்குவதில்லை.

நூலகர்களைக் கேளுங்கள், மலாய்ப் பெயருக்கும் தமிழ்ப் பெயருக்கும் பட்டியலாக்க விதிகளில் தனி ஏற்பாடு இருப்பதைச் சொல்வார்கள். நான் கேட்பதும் ஒரே வரி: ‘குடும்பப் பெயர் இல்லாத மலேசியப் பெயர்களை, துணைநூற்பட்டியலிலும், சொந்தப் பெயரை முதலில் வைத்து முழுமையாக எழுதுக.’ உங்கள் துறைக் கையேட்டில் இதைச் சேருங்கள். சீன நண்பர்களின் பெயர்களில் குடும்பப் பெயர் ஏற்கெனவே முன்னால் நிற்கிறது, அதையும் திருப்பக்கூடாது என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

தமிழ் மூலங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புப் பற்றி, 1990ஆம் ஆண்டின் சட்டம் 446ஐ வைத்து ஒரு பையன் கட்டுரை எழுதினான். தோட்டப்புற நிலைமைக்குத் தமிழ் நாளேட்டுச் செய்திகளைத் தேடி எடுத்திருந்தான். 1924 முதல் 2019 வரை இந்த ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த தமிழ் நேசனில் தோட்டப்புறச் செய்திக்குப் பஞ்சமா? ஆனால் இறுதிக் கட்டுரையில் அவை ஒன்றுமே இல்லை. ஏன் என்று கேட்டால், தமிழ்ச் செய்தியை எப்படிப் பட்டியலில் எழுதுவது என்று தெரியவில்லையாம், தப்பாகிவிடும் என்று எடுத்துவிட்டானாம். அவற்றுக்குப் பதிலாக ஓர் ஆங்கில இணையக் குறிப்பைப் போட்டிருந்தான். அதில் நான் படித்த அளவில் புதிதாக ஒன்றும் இல்லை.

எழுதும் முறை கடினமே இல்லை. தலைப்பைத் தமிழ் ஒலியிலேயே ரோமன் எழுத்தில் எழுதி, பக்கத்தில் அடைப்புக்குள் அதன் பொருளை ஆங்கிலத்தில் கொடுத்து, நாளேட்டின் பெயர், ஊர், தேதி, பக்கம் போட்டால் படிப்பவர் தேடிப் போகலாம். மலாய் மொழியில் உள்ள நாடாளுமன்றப் பதிவுகளுக்கும் கட்டுரைகளுக்கும் இதே வழி. ஆனால் ஒரு பயம் மாணவனுக்கு இருக்கத்தான் செய்யும்: திருத்துபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் இதை நம்புவாரா? அந்தப் பயத்தைப் போக்க உங்களால் முடியும். நீங்கள் அந்தச் செய்தியைத் திறந்து படிக்கக்கூடியவர்கள். உங்கள் துறையில் வேறு யாருடைய மாணவராவது தமிழ் மூலத்தைக் காட்டியிருந்தால், சரிபார்த்துத் தர நான் இருக்கிறேன் என்று சக விரிவுரையாளரிடம் சொல்லி வையுங்கள். நம் தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் தமிழில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அது சட்டக் கட்டுரைகளுக்குள் வராவிட்டால், அந்த மக்களைப் பற்றிய சட்டம் அவர்கள் குரலில்லாமலே எழுதப்படும்.

உங்கள் வேலைச் சுமை எனக்குத் தெரியும். ஒரு செமஸ்டருக்கு எத்தனை தாள்கள் வருகின்றன, மதிப்பெண்ணை எந்தத் தேதிக்குள் பதிவேற்ற வேண்டும் என்பதெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன். அதனால் சுமையில் பாதியை மாணவரிடமே கொடுங்கள். கட்டுரையின் வாதத்தைத் தாங்கி நிற்கும் மூன்று சான்றுகளை அவரே தேர்ந்தெடுத்து, அந்தப் பக்கங்களைக் கட்டுரையோடு இணைத்து, தான் நம்பும் வரியைக் கோடிட்டுத் தரட்டும். ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் நாங்கள் தினமும் செய்வது இதுதான். காட்டும் ஒவ்வொரு வழக்கையும் பண்டிலில் கட்டி, வரியைக் கோடிட்டு நீதிபதியிடம் கொடுக்கிறோம். பக்கம் இல்லாவிட்டால் வாதம் அங்கேயே நின்றுபோகும். இணைத்த மூன்றை நீங்கள் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. சந்தேகம் வந்தால் இணைக்காத நான்காவது ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். படித்தவர் உடனே எடுத்துக் காட்டுவார்.

தரவுத்தளச் சந்தா இல்லாத கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது எப்படி முடியும் என்று கேட்கலாம். கூட்டரசுச் சட்டங்களின் வாசகம் தலைமைச் சட்டத்துறை அலுவலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. நீதித்துறையின் தளத்திலும் அண்மைத் தீர்ப்புகளைத் தேடிப் படிக்கலாம். பழைய வழக்குகளுக்கு அச்சுத் தொகுதிகளே கதி. முதல் செமஸ்டரில் ஒரு டுட்டோரியலை வகுப்பறையில் நடத்தாமல் நூலகத்தில் நடத்துங்கள். ஆளுக்கு ஓர் எம்.எல்.ஜே. தொகுதியைக் கையில் கொடுத்து, தீர்ப்புக்கு முன்னால் ஏட்டாளர் போடும் சுருக்கமான தலைக்குறிப்பு எது, வழக்கறிஞர் வாதம் எது, தீர்ப்பு எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தலைக்குறிப்பைத் தீர்ப்பு என்று நினைத்து மேற்கோள் காட்டும் பழக்கம் அந்த ஒரு மணி நேரத்திலேயே போய்விடும்.

அடுத்த செமஸ்டருக்கான கையேடுகள் அச்சுக்குப் போகும் முன் இந்த மடலைத் துறைக் கூட்டத்தில் வையுங்கள். பெயர் விதி, மூன்று சான்றுகளின் பக்கங்களை இணைத்தல், நூல் வழியாகப் படித்ததை ஒப்புக்கொள்பவருக்கு மதிப்பெண் குறைக்காமை ஆகிய மூன்றையாவது இந்த முறையே சேர்க்க முடியும் என்று நம்புகிறேன். வாசகத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் வரைந்து தருவதற்கு நான் தயார். நூலக டுட்டோரியலுக்கு ஆள் குறைந்தால், சனிக்கிழமை தவிர எந்த நாளும் வருகிறேன்.

அன்புடன்,
பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு வழக்கறிஞர்